அம்மாவின் போன் வீட்டில் இருந்த நாள்

1

நேற்று எங்கள் ஆபீசில் தீ ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் எல்லோரும் கையில் டீக்கோப்பையும் போனுமாகப் படியிறங்கிப் போய், கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்றார்கள். எங்கள் மாடிக்கு ஆள் எண்ணும் பொறுப்பு என்னுடையது. அதற்கென்று மஞ்சள் மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்தார். கழிப்பறையில் இருந்திருக்கிறார். அவர் ஈரக்கையை உதறிக்கொண்டு வந்ததும் கூட்டமே கை தட்டியது.

என் சூப்பர்வைசர் ஷாஜி கேரளத்துக்காரர். மலையாளத்தையும் தமிழையும் கலந்து பேசுவார். "எடோ, உங்க ஊரில இதெல்லாம் டெய்லி உண்டு அல்லே?" என்று சிரித்தார். பட்டாசு ஊர்க்காரன் என்று என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிற ஆள் இல்லை. "ஆமா சார்" என்று நானும் சிரித்தேன்.

மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான், கதிர், உனக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, போனை ஸ்பீக்கரில் போட்டு நாலு பேரும் பேசிக்கொண்டிருந்தபோது நீ திடீரென்று கேட்டாய்: "அன்னைக்கி நீங்க என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தீக?"

உன் அக்கா மாரி உன்னை அதட்டினாள். "ஏலே, சும்மா கிடலே. இப்ப அது எதுக்கு?"

நான், "வேலையில இருந்தேன்ப்பா" என்று சொல்லிவிட்டு உன் பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். நீயும் விட்டுவிட்டாய். சின்ன வயதில் ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாய். இப்போதெல்லாம் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. ஆகவே எழுதுகிறேன். மாரிக்கும் உனக்கும்தான் எழுதுகிறேன். வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். ஆள் வெளிநாட்டில் இருக்கிற வீடு நம் தெருவிலேயே எத்தனையோ இருக்கிறது.

2

என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்கிறார்கள். நான் படித்தது பிளஸ் டூ. அதற்கு மேல் சிவகாசியில் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங் என்று ஒரு கோர்ஸ். திருத்தங்கலில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மஸ்கட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கட்டடச் சாமான் விற்கிற ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட்.

காலையில் போய் உட்கார்ந்தால் போன் அடிக்கும். நெட் வரவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் காலால் மிதித்து ஒயர் கழன்றிருக்கும். பிரிண்டர் ஓடவில்லை என்பார்கள். காகிதம் இருக்காது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பார்கள். ஒரு மேனேஜர் காவா என்கிற இந்த ஊர்க் காப்பியைக் கீபோர்டில் ஊற்றிவிட்டு, கம்ப்யூட்டர் தானாகவே எழுதுகிறது, வைரஸ் வந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார். வந்த புதிதில் அப்படி ஒரு பெரிய மனிதரிடம், "சார், உங்க மெஷின் செத்துப் போச்சு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஷாஜி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், இங்கே அப்படிச் சொல்லக்கூடாது, பதில் தரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அன்று முதல் எல்லாமே எனக்குப் பதில் தராதவைதான்.

எந்தக் கோளாறு என்றாலும் மூன்று கேள்வி கேட்பேன். எப்போதிருந்து? வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? கடைசியாக என்ன மாற்றினீர்கள்? இந்தக் கேள்விகள் வாயில் ஊறிப்போய்விட்டன. மாரிக்கு டைபாய்டு வந்தபோது உங்கள் அம்மாவிடமும் அதையே கேட்டேன்.

"எப்ப இருந்து காய்ச்சல்? வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?"

"ஏங்க, நான் பிள்ளைக்கி மேலுக்கு முடியலன்னு சொல்றேன். நீங்க ரிப்பேருக்கு வந்த மெசினு மாதிரி கேக்குறீக" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷினைத் திறந்து உள்ளே கை வைப்பதற்கு முன்னால் நாங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவோம். அதிலிருந்து ஒரு ஒயர் எர்த்துக்குப் போகும். உடம்பில் இருக்கிற மின்சாரம் பட்டால் உள்ளே இருக்கிற சில்லு போய்விடும். உங்கள் அம்மாவும் பட்டாசு ரூமுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். அதற்கும் அதே காரணம்தான். உடம்பு மின்சாரத்தில் ஒரு பொறி வந்தால் மருந்து பிடித்துக்கொள்ளும். இதை ஒருநாள் பேச்சுவாக்கில் அவளிடம் சொன்னேன்.

"நீங்க மெசினு போயிறக் கூடாதுன்னு தொடுறீக. நாங்க நாங்களே போயிறக் கூடாதுன்னு தொடுறோம். ரெண்டும் ஒண்ணா?" என்றாள். பக்கத்தில் இருந்த ஜெயா கெக்கேகெக்கே என்று சிரித்தது போனில் கேட்டது.

3

ஜெயாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். உங்கள் அம்மாவை மதினி என்பாள், என்னை அண்ணே என்பாள். நீங்கள் அவளை அத்தை என்பீர்கள். அம்மாவும் அவளும் ஒரே வேனில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற ஒரே கம்பெனிக்குத்தான் போய்வந்தார்கள். ரூம்தான் வேறு வேறு.

மூன்று வருடத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது வீட்டில் இன்டர்நெட் இழுத்து ஒரு ரவுட்டர் வைத்தேன் அல்லவா? அதை இங்கிருந்தே என் போனில் பார்க்கலாம். வீட்டு வைஃபையில் எந்த போன் சேர்ந்திருக்கிறதோ அதற்கு நேராகப் பச்சைப் புள்ளி எரியும். இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நானே பெயர் போட்டேன். அம்மா, மாரி, கதிர்.

பரீட்சை சமயத்தில் கதிரின் போனுக்கு மட்டும் நெட்டை இங்கிருந்தே நிறுத்தினேன். "அங்கன உக்காந்துக்கிட்டு எங்களையே வேவு பாக்குறீகளா? கலாஸ்!" என்று கத்தினான். கலாஸ் என்பது இங்கே முடிந்தது என்பதற்குச் சொல்வது. என் வாயில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல்லை வைத்தே என்னைக் கேலி பண்ணுவான்.

ஜெயாவுக்கும் அந்த ரவுட்டரின் மேல் ஒரு கண்.

"அண்ணே, சுவரு ஒண்ணுதான? கரண்டு மட்டும் இங்கிட்டு வருது, ஒய்ஃபை வந்தா கொறஞ்சா போவீக? பாஸ்வேர்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதும்மா."

"நான் என்ன வெளியாளா? மதினி, பாத்தியா, ஒன் வீட்டுக்காரரு என்னைய வெளியாளுங்கிறாரு!"

கொடுத்துவிட்டேன். பட்டியலில் நாலாவதாக 'ஜெயா' என்று ஒரு பெயர் வந்தது.

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒரு பெட்டி இருக்கும். காலையில் அதில் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள். அதனால் அம்மாவின் புள்ளி பகல் முழுக்கச் சாம்பலாகத்தான் கிடக்கும். சாயங்காலம் வேன் வந்து இறங்கி, அவள் வாசலில் கால் வைக்கும்போது பச்சை எரியும். கொஞ்ச நேரத்தில் ஜெயாவுக்கும் எரியும். எனக்கு அதுதான் அவர்கள் வீடு வந்து சேர்ந்ததற்கு அடையாளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசிலிருந்து கிளம்புவேன். போன் பண்ணி 'வந்துட்டியா?' என்று கேட்பதில்லை. தெரிந்துகொண்டே எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

4

அது போன ஆடி மாதம், தீபாவளிக்கான சீசன் வேலை நேரம். காலையிலேயே எங்கள் ஆபீஸில் கணக்குப் பிரிவு இருக்கிற மாடி முழுக்க நெட்வொர்க் விழுந்துவிட்டது. ஒருவராலும் ஒன்றும் திறக்க முடியவில்லை. ஷாஜி ஒரு வேலையாகத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான். ஒயர்கள் வந்து சேர்கிற அறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்ச் என்று ஒரு பெட்டி, அதில் வரிசையாக ஒயர்கள் செருகியிருக்கும். அத்தனை விளக்கும் ஒன்றுபோல அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. 'ஏழாயிரம்பண்ணை பக்கம் பெரிய சத்தம். புகை தெரியுது.' அடுத்து ஒருவர், 'எந்தக் கம்பெனி?' அடுத்து இன்னொருவர் கம்பெனியின் பெயரைப் போட்டார். அம்மாவும் ஜெயாவும் போகிற கம்பெனி.

நான் போன் பண்ணவில்லை. ரவுட்டரைத் திறந்து பார்த்தேன்.

அம்மாவுக்கு நேராகப் பச்சை எரிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியை நான் மறைக்கவில்லை. இன்று இவள் வேலைக்குப் போகவில்லை, வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு போன் பதில் தருகிறது என்றால் அதற்குரிய ஆள் அங்கே இருக்கிறார் என்றுதான் என் வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. சட்டைப்பையில் போனை வைத்துவிட்டு இரண்டு ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். பிறகுதான், சரி, ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். மாரிதான் எடுத்தாள். கல்லூரியில் பரீட்சைக்கு லீவு விட்டிருந்ததால் அவள் வீட்டில் இருந்தாள்.

"அம்மாகிட்டக் குடும்மா."

"அம்மா இல்லப்பா. வேலைக்கிப் போயிட்டா."

"போன் வீட்டுல இருக்கே?"

"நேத்து ராத்திரி பூரா கரண்டு இல்லப்பா. சார்ஜ் ஏறல. வேன் வந்துருச்சுன்னு போன இங்கனயே சொருகிப் போட்டுட்டு ஓடிட்டா." பிறகு, "அப்பா, சத்தம் கேட்டுச்சுப்பா. சன்னலெல்லாம் ஆடுச்சு. தெருவுல எல்லாரும் வெளிய நிக்கிறாக" என்றாள்.

"எந்தப் பக்கம் புகை?"

"கம்பெனிப் பக்கந்தான்ப்பா."

"நீ வீட்டுக்குள்ளயே இரு. ரோட்டுல மறிச்சிருப்பாக. அடுத்தடுத்து வெடிக்கும். போயிறாத."

"நீங்க அங்கன இருந்துக்கிட்டு இருன்னு சொல்றீக. நான் இங்கன எப்படிப்பா இருக்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் என்னைக் கேட்டாள். போனை வைத்துவிட்டாள். நான் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாரியின் புள்ளி சாம்பலானது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று புரிந்தது. கதிர் சாத்தூரில் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மாவுக்கு நேராக மட்டும் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

5

கதிர், இனிமேல்தான் நீ கேட்டதற்குப் பதில்.

நான் நெட்வொர்க்கைச் சரி பண்ணினேன்.

ஜெயாவுக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மாரிக்கு அடித்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. பிறகு அவளுக்கும் லைன் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் எல்லோருக்கும் அடிப்பார்கள், டவர் தாங்காது. அது எப்படி நெரிந்துபோகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்து என்ன? குழுவில் யாரோ வீடியோ போட்டார்கள். அதில் தெரிந்த பனைமரங்கள் எங்கள் பக்கத்து மரங்கள் இல்லை, எப்போதோ எங்கோ நடந்தது. போனைப் பையில் போட்டேன்.

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, சம்பளம் ஏற்ற வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்படி மாடி முழுக்க விழுந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். ஒரு ஒயரின் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டால், அனுப்பின செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து பெருகி, வேறு எதற்கும் வழி இல்லாமல் அடைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி தெரியாது எனக்கு. ஒவ்வொரு ஒயராகக் கழற்ற வேண்டும், விளக்கைப் பார்க்க வேண்டும், அது இல்லையென்றால் திரும்பச் செருக வேண்டும், அடுத்தது. கழற்றுவேன், பார்ப்பேன், செருகுவேன். நடுநடுவே போனை எடுத்து மாரிக்கு அடிப்பேன். திரும்பக் கழற்றுவேன். அந்த அறையில் ஏசி எப்போதும் குளிராக இருக்கும். விரல் மரத்துப் போயிருந்தது. மனசும் அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் ஏதோ எழுத்தாளர் மாதிரி இருக்கும். ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. சாமியைக் கூப்பிடவில்லை. அடுத்த ஒயர் எது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

கடைசியில் கிடைத்தது. மீட்டிங் அறையில் மேசைக்கு அடியில் ஒரு ஒயர் முனை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கூட்டித் துடைக்க வந்தவர், யாருடையதோ கழன்றுவிட்டது போல என்று நல்ல எண்ணத்தில் பக்கத்தில் இருந்த ஓட்டையில் செருகியிருக்கிறார். அதைப் பிடுங்கினேன். மாடி முழுக்க வேலை செய்ய ஆரம்பித்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து "ஷுக்ரன், ஷுக்ரன்" என்று நன்றி சொல்லிவிட்டு ஒரு பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். கொட்டையை எங்கே துப்புவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

6

மாரி கூப்பிட்டபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஒயர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அப்பா, அம்மா கெடச்சுட்டாப்பா. இந்தா இருக்கா. பேசுங்க."

"ஏங்க!" என்று ஒரு சத்தம். உங்கள் அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஏங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலங்க! காது அடச்சுப் போச்சு! நீங்க பேசாதீக, நானே பேசுறேன்! எனக்கு ஒண்ணும் இல்ல! காலுலதான் முள்ளு!"

சத்தம் கேட்டதும் பின்பக்கக் கம்பிவேலிக்குள் நுழைந்து எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் எல்லோரும் வெறுங்கால். சீமைக்கருவேலங்காட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மாரி போன ரோட்டைப் போலீஸ் மறித்து வேறு பாதையில் திருப்பிவிட்டதால்தான் அவளைப் பார்க்க முடிந்திருக்கிறது.

"ஜெயாவக் காணோம்ங்க!" என்று கத்தினாள். "அவ ரூமு இருந்த எடமே இல்லங்க! கேட்டுல அந்தப் போன் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள எல்லா போனும் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சாம்! பெறகு வந்த வாட்ச்மேன் சைகையில சொன்னாரு! எடுக்கப் பயமா இருந்துச்சாம்!"

அதில் ஒரு போனை அடிக்கவைத்தது நான்.

"சரி, வையி" என்று சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. "ஏங்க, இருக்கீகளா? ஏங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மாரி போனை வாங்கி, "இருக்காகம்மா, இருக்காக" என்று அவளுக்குச் சைகை காட்டியிருக்க வேண்டும். அப்புறமும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். லைன் மட்டும் திறந்திருந்தது.

ஜெயாவை மறுநாள்தான் கொடுத்தார்கள். அந்த விவரமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள்தான் அங்கே நின்றீர்கள்.

7

நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனியில் அவசர லீவு கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். அந்த மென்பொருளில் கோளாறு வந்தால் பார்க்கிறவனே நான்தான். யாருக்காக என்ற இடத்தில் அம்மா, அப்பா, மனைவி, பிள்ளை என்று நாலு வகை இருக்கும். என்ன காரணம் என்ற இடத்தில் மரணம், ஆஸ்பத்திரியில் சேர்த்தல் என்று இரண்டு. உங்கள் அம்மாவை சிவகாசி ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்து மருந்து கொடுத்து அன்றே அனுப்பிவிட்டார்கள். சேர்க்கவில்லை. இறந்தது ஜெயா. ஜெயாவுக்கு அதில் இடம் இல்லை.

லீவு பார்க்கிற அம்மையார் இந்த ஊர்க்காரர், இரக்கமுள்ளவர். "இறந்தவர் உனக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

பக்கத்து வீடு என்றேன். தங்கச்சி மாதிரி என்றேன். மாதிரி என்பதை இங்கிலீஷில் சொல்ல வராமல் தடுமாறினேன்.

"ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஆஸ்பத்திரி என்று போட்டால் சேர்த்த சீட்டைக் கேட்கும். மனைவி என்பதையும் மரணம் என்பதையும் என் கையால் எப்படித் தொடுவது? திரையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடிவிட்டேன். உடன்பிறப்பு என்று ஒரு வகை சேர்க்கச் சொல்லி ஷாஜி மேலே எழுதிப் போட்டார். பரிசீலனையில் இருக்கிறது.

வீட்டு ரவுட்டரின் பட்டியலில் ஜெயாவின் பெயர் இன்னும் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். மற்றவர்களுக்குத் தினமும் செய்து கொடுக்கிற வேலைதான். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றே கணக்கை நீக்கிவிடுவேன். இதைச் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. கை போகவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் துக்கம் வந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கினேன். அறையில் என்னோடு இருக்கிறவர்கள் இரண்டு நாள் டிவி போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எப்போதாவது போன் பதில் தராதபோது மட்டும், எடுக்கிறவரை திரும்பத் திரும்ப அடிப்பேன். எடுத்ததும் வைத்துவிடுவேன்.

8

அம்மாவுக்கு வலது காது கேட்பது திரும்பி வரவில்லை. இடது காதில் பாதி கேட்கிறது. அதனால்தான் போனை ஸ்பீக்கரில் போட வேண்டியதாகிவிட்டது. முன்பெல்லாம் நானும் அவளும் பேசும்போது நீங்கள் அடுத்த அறையில் உங்கள் போனோடு இருப்பீர்கள். இப்போது நான் கத்துகிற கத்தில் நீங்களும் வந்து உட்கார்ந்துகொள்கிறீர்கள். பக்கத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை நாலு பேரும் சேர்ந்து பேசுகிறோம். இது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசியது உங்களுக்கும் நினைவிருக்கும். இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். வெள்ளி இங்கே விடுமுறை நாள். அறையில் ஒருவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். ஆந்திராக்காரர் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னாள்: "நாரணாபுரத்துப் பக்கம் ஒரு கம்பெனியில கூப்பிடுறாக. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிஞ்சதும் வேன் வருது. நான் போகலாம்னு இருக்கேன்."

வேலைக்குப் போக வேண்டாம் என்று இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லும்போது குரல் எழும்பவில்லை.

"நீ போகாத. எனக்குப் பயமா இருக்கு."

"என்னது?"

"போகாதன்னேன். எனக்குப் பயமா இருக்கு."

"கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க."

"போகாத பாண்டியம்மா! எனக்குப் பயமா இருக்கு! பயமா இருக்கு!"

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. தேய்ப்புப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் என்னைப் பார்த்தார். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது போல இருந்தது. அந்தப் பக்கம் கதிர் களுக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டது எனக்குக் கேட்டது.

பிறகு அம்மா சொன்னாள்:

"மொதத் தடவையே கேட்டுருச்சு."

"பெறகு எதுக்குக் கேக்கலன்ன?"

"இருவது வருசத்துல நீங்க இப்படிச் சொல்லிக் கேட்டதில்ல. இன்னும் ஒருக்காச் சொல்லட்டும்னு இருந்தேன்."

மாரி, "அம்மா!" என்றாள்.

"இருடி. ஏங்க, வீட்டுல ஒத்தையில உக்காந்தா இந்தச் செத்த காதுக்குள்ள அன்னைக்கிக் கேட்ட சத்தந்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கமும் ஆளு இல்ல. அங்கன போனா நாலு பேரு பேசுவாக, அந்தச் சத்தம் கேக்காது. எனக்கும் பயந்தான். பயம் இல்லன்னு யாரு சொன்னா? பொங்கல் முடிஞ்சதும் வேன் வருது."

நான் "சரி" என்றேன்.

அது அவளுக்குக் கேட்டிருக்காது. அதை மட்டும் நான் கத்திச் சொல்லவில்லை.